"பேனல் போயிடுச்சு" என்று ஒரு பொய்

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பழைய துண்டில் மானிட்டரைச் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தாள்.

"தாத்தா, டவுன்ல கொண்டுபோய்க் காட்டினோம். பேனல் போயிடுச்சு, ரிப்பேர் பண்ண முடியாது, புதுசு வாங்கிக்கங்கன்னுட்டாங்க. ஆறாயிரத்து ஐந்நூறு ஆகுமாம். நீங்க ஒரு தடவ பாக்குறீங்களா?"

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். மாதிரித் தேர்வு எழுதுவது, டைப்பிங் பழகுவது எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் அந்த வீட்டில் எத்தனை நாள் அரிசி பருப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அங்க கழட்டிப் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. ஆன் பண்ணிப் பாத்தாங்க, இருட்டா இருந்துச்சு. செக்கிங் சார்ஜுன்னு முந்நூத்தம்பது வாங்கிக்கிட்டாங்க."

ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் முந்நூற்றைம்பது ரூபாய்! எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். இந்தக் கட்டுரையும் அந்தக் கோபத்தில் எழுதுவதுதான். வயதானவன் கொஞ்சம் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரை ஆன் செய்தேன். இரண்டு வினாடி படம் பளிச்சென்று வந்து அணைந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கொல்லைக்குப் போகும்போது எடுத்துப்போகும் டார்ச்சை எடுத்துத் திரையின் மேல் சாய்வாக அடித்து, "உத்துப் பாரும்மா" என்றேன். கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி மங்கலாக டெஸ்க்டாப் படமும் அதன் மேல் ஐகான்களும் தெரிந்தன. அவள், "படம் இருக்கு தாத்தா!" என்று கத்தியேவிட்டாள்.

படம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எல்.சி.டி. பேனலுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. அது லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்களை வைத்த சுவர். திறக்கும், மூடும், அவ்வளவே. வெளிச்சம் பின்னால் இருந்து வரவேண்டும். 2010 வாக்கில் வந்த மானிட்டர்களில் பெரும்பாலும் அதற்குப் பென்சிலைவிட மெல்லிய டியூப் லைட்டுகள்தான் இருக்கும். நம் வீட்டுக் குழல்விளக்கின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எரிக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அதைத் தயாரிக்கிற பகுதிக்கு இன்வர்ட்டர் என்று பெயர். அந்த இன்வர்ட்டருக்குப் போகிற சப்ளை தள்ளாடினால், அது இரண்டு வினாடி முயன்று பார்த்துவிட்டுத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். டியூபே தேய்ந்துபோயிருந்தாலும் இதே மாதிரி அணையும். எது என்று திறந்தால்தான் தெரியும். திறக்காமல் "பேனல் போயிடுச்சு" என்று சொல்கிறவர், ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே சொல்கிறவர். இரண்டுக்கும் முந்நூற்றைம்பது ரூபாய் அதிகம்.

மறுநாள் காலை திறந்தோம். "தோம்" என்று எழுதக் காரணம், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கி ஒரு இரவு முழுக்கப் போட்டு வைத்திருந்தேன். அப்படியும், சப்ளை போர்டில் இருக்கும் பெரிய கன்டென்சரின் இரண்டு காலிலும், ஹோல்டரோடு ஒயர் வைத்த அறுபது வாட் குண்டு பல்பைத் தொட்டு, மிச்சம் இருக்கிற மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் கையை உள்ளே விட்டேன். 230 வோல்ட் ஏ.சி. அங்கே 325 வோல்ட் டி.சி.யாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று அதற்குத் தெரியாது. இதை அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பழைய பிக்சர் டியூப் டி.வி., மானிட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேலை நடக்கும். அது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

உள்ளே பார்த்தால் எங்கள் ஊர்! அரியலூர் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். கீழப்பழுவூர் முக்கூட்டில் ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை லாரி போகும் என்று எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல், சிமெண்டு, சாம்பல். அந்தப் பொடி காற்றோட்ட ஓட்டைகள் வழியாக உள்ளே போய் ஒரு படலமாகப் படிந்திருந்தது. ஐப்பசி ஈரத்தில் அது என்ன செய்யும் என்று சிமெண்டு ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தோம். அதற்கடியில் குற்றவாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். தலை தட்டையாக இருக்கவேண்டிய கன்டென்சர்கள், பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. இரண்டு, ஆயிரம் மைக்ரோஃபாரடு. ஒன்று, நானூற்றி எழுபது.

திருச்சிக்குப் பஸ் ஏறினேன். 105 டிகிரி போட்ட, லோ இ.எஸ்.ஆர். ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மைக்ரோஃபாரடு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். மூன்றும் சேர்த்து முப்பத்தாறு ரூபாய். போக வர பஸ் செலவு அதைப்போல மூன்று மடங்கு.

இரண்டை நான் பற்ற வைத்தேன். மூன்றாவதை அவள் வைத்தாள். மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று அவளே கண்டுபிடித்தாள். ஈயம் கொஞ்சம் உருண்டையாக நின்றது, பரவாயில்லை, பிடித்துக்கொண்டது. மூடுவதற்கு முன் சப்ளை கொடுத்துப் பார்த்தோம், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. இரண்டு வினாடி ஆனது. ஐந்து வினாடி ஆனது. அரைமணி நேரம் ஆகியும் வெளிச்சம் நின்றது.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் வேலை பழகியவன். ஒரு அறை முழுக்க ரிலேக்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஒரு ரிலேயின் முனை கறுத்தால் அதைத் துடைத்துத் தேய்த்து, ஸ்பிரிங்கின் இழுப்பை கிராம் கணக்கில் அளந்து சரிசெய்வோம். ரிலே கெட்டது, எக்ஸ்சேஞ்சைத் தூக்கிப் போடு என்று எந்த அதிகாரியாவது சொல்லியிருந்தால் அவரைத்தான் மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு ராக்குக்கும் சர்க்யூட் படம் உண்டு, அலமாரியில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். பழைய வால்வு ரேடியோக்களில் பின்மூடிக்குள்ளேயே எந்த வால்வு எங்கே என்று படம் ஒட்டியிருப்பார்கள். இன்றைக்கு அதே இடத்தில் என்ன ஒட்டியிருக்கிறது? "உள்ளே பயனர் சரிசெய்யக்கூடிய பாகம் எதுவும் இல்லை." அந்த மூன்று கன்டென்சரும் எங்கே இருந்தன? அந்த ஸ்டிக்கருக்கு நேர் பின்னால்தான்.

இப்போது வெப்பக் கணக்குக்கு வருகிறேன். மின்பகுதிரவம் நிரப்பிய இந்த வகைக் கன்டென்சரின் மேல் 105 டிகிரி, 2000 மணி என்று கணக்கு உண்டு. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். இது அந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கை கணக்கு. 85 டிகிரியில் அது 8000 மணி. 65 டிகிரியில் 32000 மணி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடும் மானிட்டருக்கு முன்னது மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பின்னது பத்து வருடத்துக்கு மேல். அந்த மானிட்டரில் மூன்று கன்டென்சரும் சூடேறும் ஹீட்சிங்க்கை ஒட்டி, தோள் உரச நின்றன. பக்கத்தில் இரண்டு அங்குலம் காலி இடம் இருந்தது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், என்னிடம் சான்று இல்லை. வாரண்டி மூன்று வருடம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கன்டென்சர் விஷயத்தில் உலகமே ஒரு தடவை அடிபட்டிருக்கிறது. 1999-லிருந்து ஏழெட்டு வருடம், உள்ளே ஊற்றுகிற திரவத்தின் கலவை சரியில்லாமல் வந்த கன்டென்சர்கள் மதர்போர்டிலும் மானிட்டரிலும் வரிசையாக உப்பின. டெல் கம்பெனி மட்டும் 2005-ல் இந்தப் பழுதுக்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கில் எழுதியது. பெரிய கம்பெனிக்கு வந்தால் அது "தொழில்நுட்பச் சிக்கல்". லாரி டிரைவர் வீட்டுக்கு வந்தால் "பேனல் போயிடுச்சு".

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற என் அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னேன். சிரித்தான். "மாமா, உங்க ரெண்டு நாள் வேலைக்கு என்ன மதிப்பு? அந்த நேரத்துக்குப் புதுசே வாங்கிடலாம். புது எல்.இ.டி. மானிட்டர் கரண்டும் கம்மியா குடிக்கும்." நல்ல பையன்தான், ஆனால் கணக்குப் போடாமல் பேசுகிறான். பழையது முப்பத்தைந்து வாட், புதியது பதினெட்டு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பதினேழு வாட். தினம் ஆறு மணி நேரம் என்றால் வருடத்துக்கு முப்பத்தேழு யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் நூற்றெண்பத்தைந்து ரூபாய். ஆறாயிரத்து ஐந்நூறை அதால் வகுத்தால் முப்பத்தைந்து வருடம்! அதற்குள் அந்தப் புது மானிட்டர் எத்தனை தடவை "பேனல் போயிடுச்சு" ஆகும்? நேரத்தின் மதிப்பு என்கிறானே, அது அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற நேரம். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் அந்த இரண்டு காலைப் பொழுதுக்கு யாரும் ஆறாயிரம் தரப்போவதில்லை.

இன்னொரு வாதம் பாதுகாப்பு. மக்கள் திறந்தால் ஷாக் அடித்துச் செத்துப்போவார்களாம், அதனால்தான் மூடி வைக்கிறார்களாம். ஐயா, எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் ஸ்டார்ட்டரைக் குச்சியால் தட்டி எடுக்கிற விவசாயி இருக்கிறார். டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் போட ராத்திரியில் ஏறுகிறவர் இருக்கிறார். அதில் உயிர் போன கதையும் உண்டு. அதை நான் புகழவில்லை. ஆபத்து இருக்கிற இடத்தில் கற்றுக்கொடுப்பதுதான் முறை. படத்தை ஒளித்து வைத்தால் ஆபத்து குறையாது. திறக்கிறவன் எப்படியும் திறப்பான், குருட்டுத்தனமாகத் திறப்பான்.

என் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெருமை பேசுகிறேன் என்பீர்கள். இரண்டு வருடம் முன்பு என் சொந்த எல்.இ.டி. மானிட்டர் மங்கியது. இதில் டியூபுக்குப் பதில், அடி ஓரத்தில் ஒரு பட்டை. அதில் வரிசையாக எல்.இ.டி.க்கள். ஒன்றிரண்டு போனால் வரிசையே போகும். பட்டையை மாற்றினால் சரி. ஆனால் அதை எட்ட, கண்ணாடிப் பேனலையே முழுதாகத் தூக்க வேண்டும். அதன் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ரிப்பன்கள் ஒட்டியிருக்கும். எவ்வளவோ கவனமாகத்தான் தூக்கினேன். ஒன்று கிழிந்தது. இப்போது அது என் மாடி அறையில், நடுவே ஒரு பச்சைக் கோட்டோடு, சுவரைப் பார்த்து நிற்கிறது. என் கை தவறுதான். ஆனால் பல்பு மாற்ற வீட்டின் கூரையைப் பிரிக்க வேண்டும் என்று கட்டிய கொத்தனாரை நாம் என்ன சொல்வோம்?

ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதி இருக்கிறது. டி.வி.யோ மானிட்டரோ விற்றால், அந்த மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் ஏழு வருடம் அதன் உதிரிப் பாகங்களை ரிப்பேர்க்காரர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அந்தப் பாகங்களின் பட்டியலில் பவர் சப்ளை உண்டு. 400 மைக்ரோஃபாரடுக்கு மேற்பட்ட கன்டென்சர் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? என்றோ ஒரு நாள் உப்பிய கன்டென்சரை நேரில் பார்த்த யாரோ ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். பிரான்சில் அதே வருடம் ஜனவரியிலிருந்து, ஒரு பொருளை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மார்க் போட்டு விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டி என்று நான்கு துறை. மின்கழிவுக்கான புது விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன; விற்ற கம்பெனியே கழிவைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். நல்லதுதான். இருந்தாலும் என் குறை இதுதான். அந்தத் தளத்தில் நான் தேடிய கம்பெனிக்கு வாடிக்கையாளர் சேவை எண் கிடைத்தது, சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. எண்ணுக்குப் போன் செய்தால், "உங்கள் அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்" என்றார்கள். அருகிலுள்ள சேவை மையம் எது? முந்நூற்றைம்பது வாங்கிய அதே இடம்தான்! கழிவு விதியோ பொருள் குப்பையான பிறகு என்ன செய்வது என்று பேசுகிறது. குப்பை ஆகாமல் தடுக்கிறவர், முக்கூட்டில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக். அவருக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். டேப் ரெக்கார்டர், டி.வி. எது போனாலும் அவரிடம்தான். 2006-லிருந்து கலைஞர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, அவருக்குப் பொற்காலம். ஒரே மாதிரி டி.வி. தெருவெல்லாம், ஒன்றைப் பிரித்துப் படித்தால் எல்லாம் வந்துவிடும். 2011-லிருந்து அம்மா ஆட்சியில் இலவச லேப்டாப் வந்தது. அதையும் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தார். படமும் இல்லை, பாகமும் இல்லை. ஒரு கீபோர்டுக்குச் சென்னை ரிச்சி தெரு வரை போகவேண்டியிருந்தது. இரண்டு வருடம் போராடிவிட்டு செல்போன் கவர் விற்க ஆரம்பித்தார். இப்போது கடையும் இல்லை. அவருடைய சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டு என்னிடம்தான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது.

இரண்டு ஆட்சியையும் நான் குறை சொல்லவில்லை. ஏழை வீட்டுக்கு டி.வி.யும் லேப்டாப்பும் வந்தது பெரிய காரியம். லட்சக்கணக்கில் வாங்குகிற அரசாங்கத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனியும் கைகட்டி நிற்கும். அப்போது டெண்டரில் இரண்டு வரி சேர்க்கலாமே? சர்க்யூட் படமும் பிரிக்கும் முறையும் தமிழில் தரவேண்டும். ஏழு வருடம் பாகம் விற்கவேண்டும், யார் கேட்டாலும். அந்தப் புத்தகத்தை ஐ.டி.ஐ. பையன்களுக்குப் பாடமாக வைத்தால் ஒவ்வொரு முக்கூட்டிலும் ஒரு பெஞ்சு திரும்ப வரும். இதற்குச் சட்டசபையில் புதுச் சட்டம்கூட வேண்டாம், டெண்டர் எழுதுகிற அதிகாரியின் பேனா போதும். கீழையூரில் பழுவேட்டரையர் கட்டிய இரட்டைக் கோயில் ஆயிரத்து நூறு வருடமாக நிற்கிறது. கல் நகர்ந்தால் நிமிர்த்தி வைக்கிற கை ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்ததால் நிற்கிறது. மானிட்டர் அவ்வளவு வேண்டாம், அந்தப் பெண் வேலைக்குப் போகிற வரைக்கும் நின்றால் போதும் எனக்கு.

தேர்வு எழுதிவிட்டு வந்தாள். "கணக்குல ரெண்டு விட்டுட்டேன் தாத்தா, மத்தது பரவால்ல" என்றாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. நேற்று மறுபடியும் திண்ணைக்கு வந்தாள், கையில் துண்டு சுற்றிய மூட்டை. அவள் சித்தி வீட்டு மானிட்டராம், இதுவும் இரண்டு வினாடியில் அணைகிறதாம். டார்ச் அடித்து அவளே பார்த்துவிட்டாளாம், படம் இருக்கிறதாம்.

"பெரிய கன்டென்சரை பல்பு வச்சு இறக்கிட்டுதானே கை வச்சே?" என்றேன்.

"இன்னும் கழட்டவே இல்ல தாத்தா. உங்க பல்பு வேணும்னுதான் வந்தேன்."

எடுத்துக் கொடுத்தேன்.